எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு

எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது, தானுந்தின் பொறியினுள் சுற்றிவரும் மசகு எண்ணெயின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் கீழே இறங்கும்போது அதனை ஓட்டுநருக்கு அறிவிக்கும் சிவப்பு விளக்கு ஆகும். இது கருவிப்பலகையில் அமைந்திருக்கும். இதன் மறுமுனையில், பொறியின் உடலில் திருகப்பட்ட ஓர் அழுத்த நிலைமாற்றியோ அழுத்த உணரியோ இருக்கும். பட்டறைகளில் விளக்கு ஆயில் லைட் என்றும் நிலைமாற்றி ஆயில் சுவிட்ச் என்றும் அழைக்கப்படுகின்றன. மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியும் அதிலிருந்து சொட்டும் ஒரு துளியும் இதன் குறியீடு ஆகும். தானுந்துக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 2575 என்னும் பன்னாட்டுச் சீர்தரத்தில் இக்குறியீடு இடம்பெற்றுள்ளது. தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விடும் குப்பியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்கள் அலாவுதீன் விளக்கு என்று எண்ணுவதும் உண்டு.

இவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. இதுவே இவ்விளக்கைப் பற்றிப் பரவலாக உள்ள தவறான புரிதல் ஆகும். எண்ணெய் எவ்வளவு உள்ளது என்பதை அறிய அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். விளக்கு எரியும் நிலை வந்தபின் எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பொறிக்குக் கேடு விளைவிக்கும்.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியும் இவ்விளக்கும்

சென்னைக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் அமைந்துள்ள திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி இந்தியாவின் முதன்மையான தானுந்து உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் ஆலை 1998 இல் சான்ட்ரோ மகிழுந்துடன் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை 2010 இலும், பாரத்பென்ஸ் சரக்குந்துகளை உருவாக்கும் டைம்லர் ஆலை 2012 இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013 இலும் இயங்கத் தொடங்கின. கூட்டு ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கை ரெனோ 2025 இல் வாங்கிக்கொண்டது. மகிழுந்துகள் மட்டுமன்றி அவற்றின் பொறிகளும் இவ்வட்டாரத்தில் உருவாக்கப்படுகின்றன.

பொறி ஆலைகளில் ஒரு பொறி பூட்டி முடிக்கப்பட்டதும் அதன் எண்ணெய் அழுத்தம் அளக்கப்படுவது வழக்கம். தற்காலத்தில் பெரும்பாலும் தண்சோதனை என்னும் முறை பின்பற்றப்படுகின்றது. இதில் எரிபொருள் ஏதுமின்றி, ஒரு மின்னோடியைக் கொண்டு பொறி சுழற்றப்படும். அப்போது எண்ணெய் அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகின்றது, எந்த அளவில் நிலைகொள்கின்றது என்பது கணினியில் வரைபடமாகப் பதிவாகும். ஒரு தாங்கி விடுபட்டிருந்தாலோ, எண்ணெய் வழியில் உலோகத் துகள் அடைத்திருந்தாலோ வரைபடத்தின் வடிவம் மாறிவிடும். ஆலையில் இத்தனை நுணுக்கமாக அளக்கப்படும் ஒன்று, வாகனம் விற்கப்பட்டபின் ஓட்டுநருக்கு எரிகின்றது, எரியவில்லை என்ற இரண்டே சொற்களில் சொல்லப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

அழுத்தம் ஏன் தேவை

பொறியின் அடியில் உள்ள தொட்டியில், அதாவது சம்ப்பில், தேங்கியிருக்கும் எண்ணெயை ஓர் எக்கி உறிஞ்சி, வடிகட்டி வழியாகப் பொறியின் உடலுக்குள் துளைக்கப்பட்டிருக்கும் முதன்மைக் குழாய்வழிக்குத் தள்ளுகின்றது. அங்கிருந்து எண்ணெய் கிராங்க் தண்டின் தாங்கிகள், இணைப்புத் தண்டுகளின் தாங்கிகள், மேலே உள்ள கேம் தண்டு ஆகியவற்றிற்குப் பிரிந்து செல்கின்றது. தேவைக்கு மேல் அழுத்தம் ஏறினால் ஒரு தணிப்பு வால்வு திறந்து மிகுதி எண்ணெயைத் திருப்பி விடுகின்றது.

கிராங்க் தண்டு பந்து உருளைகளின் மேல் சுழல்வதில்லை. வழவழப்பான உலோக ஓடுகளின் நடுவே, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கின்றது. தண்டிற்கும் ஓட்டிற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளே. சுமை மிகும் கணத்தில் படலத்தின் தடிமன் ஓரிரு மைக்ரோமீட்டர் அளவிற்கு மெலிந்துவிடும். இப்படலத்தைத் தாங்கி நிற்கும் அழுத்தம் எக்கியால் வருவதன்று. தண்டின் சுழற்சியே எண்ணெயை ஆப்பு போன்ற குறுகிய இடத்திற்குள் இழுத்துச் சென்று அவ்வழுத்தத்தை உண்டாக்குகின்றது. எக்கியின் வேலை, கசிந்து வெளியேறும் எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெயை இடைவிடாது கொண்டுசேர்ப்பது. எக்கி நின்றால் படலம் சில நொடிகளில் மெலியத் தொடங்கும். உலோகம் உலோகத்தைத் தொட்டபின் தாங்கி உருகித் தண்டுடன் ஒட்டிக்கொள்ளும். இதனையே பட்டறைகளில் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்பர்.

தாங்கி தேயும்போது இடைவெளி கூடுகின்றது. குறுகிய இடைவெளியில் கசியும் நீர்மத்தின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே, அதே அழுத்தத்தில், இடைவெளி இரட்டிப்பானால் கசிவு எட்டு மடங்காகும். எக்கியால் அவ்வளவு எண்ணெயைத் தர இயலாதபோது அழுத்தம் வீழ்கின்றது. பழைய பொறிகளில் அழுத்தம் குறைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நிலைமாற்றியின் அமைப்பு

பெரும்பாலான மகிழுந்துகளில் உள்ளது மிக எளிய நிலைமாற்றி. கட்டைவிரல் அளவே உள்ள ஓர் உலோகக் கூட்டினுள் மெல்லிய இடைத்திரை ஒன்றும், அதனை எதிர்ப்பக்கம் அழுத்தும் சுருள்வில் ஒன்றும், ஓர் இணை மின்தொடுமுனைகளும் உள்ளன. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது சுருள்வில்லின் விசையால் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும். பொறி ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறியதும் எண்ணெய் இடைத்திரையைத் தள்ளித் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். பிரியும் அளவு பொதுவாக 0.2 முதல் 0.5 பார் வரை இருக்கும். 1 பார் என்பது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், அல்லது சதுர அங்குலத்திற்கு 14.5 பவுண்டு ஆகும்.

மின்சுற்றும் எளிமையானதே. சாவியைத் திருப்பியதும் மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் மின்னோட்டம் விளக்கு வழியாக ஒற்றைக் கம்பியில் நிலைமாற்றியை அடைகின்றது. தொடுமுனைகள் சேர்ந்திருந்தால் மின்னோட்டம் நிலைமாற்றியின் மரை வழியாகப் பொறியின் உடலுக்குச் சென்று எதிர்முனையைச் சேர்கின்றது, விளக்கு எரிகின்றது. பொறியின் உடலே திரும்பும் கம்பியாகப் பயன்படுவதால், நிலைமாற்றியை மாற்றும்போது மரையில் அடைப்பு நாடாவை மிகுதியாகச் சுற்றுவது நன்றன்று. மின்தொடர்பு தடைபடலாம், நாடாவின் துணுக்கு எண்ணெய் வழிக்குள் புகுந்துவிடவும் கூடும்.

இவ்வமைப்பில் ஒரு குறை உள்ளது. கம்பி அறுந்துவிட்டால் விளக்கு ஒருபோதும் எரியாது. ஆபத்தைச் சொல்ல வேண்டிய கருவி ஓசையின்றி ஊமையாகிவிடுகின்றது. இதனை ஈடுசெய்யவே, சாவியைத் திருப்பியவுடன், பொறி இயங்குமுன், இவ்விளக்கு எரிந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. அப்போது எரிந்து, பொறி இயங்கிய சில நொடிகளில் அணைந்தால் விளக்கும் கம்பியும் நிலைமாற்றியும் நலமாக உள்ளன என்று பொருள். பலர் சாவியை ஒரே வீச்சில் திருப்பிப் பொறியை இயக்கிவிடுவதால் இச்சோதனையைக் கவனிப்பதில்லை. பொத்தானை அழுத்தி இயக்கும் வாகனங்களில் இவ்வழக்கம் மேலும் குறைந்துள்ளது. எதிர்மாறாக, கம்பியின் உறை தேய்ந்து பொறியின் உடலில் பட்டுவிட்டால், அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வரம்பளவு ஏன் இவ்வளவு குறைவு

சூடான பொறி வெற்றோட்டத்தில் இருக்கும்போது எண்ணெய் அழுத்தம் சுமார் 1 பார், சில பொறிகளில் அதற்கும் குறைவு. நெடுஞ்சாலையில் நிமிடத்திற்கு 3000 சுற்றுகளில் ஓடும்போது 3 முதல் 5 பார் வரை இருக்கும். நிலைமாற்றிக்கோ ஒரே ஒரு வரம்பளவுதான் உண்டு. அதனை 1.5 பார் என்று வைத்தால், ஒரகடம் சந்திப்பில் நிற்கும் ஒவ்வொரு நலமான மகிழுந்திலும் விளக்கு எரியும். எனவே வெற்றோட்ட அழுத்தத்திற்கும் கீழே வரம்பு வைக்கப்படுகின்றது. இதன் விளைவு என்னவெனில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் விரையும் ஒரு வாகனத்தில் 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு எரியாது. விளக்கு எரியும்போது அழுத்தம் குறைவாக இருப்பதன்று, ஏறத்தாழ இல்லாமற் போய்விட்டது என்று கொள்வதே சரி.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் பல. 1980களில் ஃபோக்ஸ்வேகன் பொறிகள் சிலவற்றில் 0.3 பார், 1.8 பார் என இரண்டு நிலைமாற்றிகள் வைக்கப்பட்டன. சுழற்சி வேகம் நிமிடத்திற்குச் சுமார் 2000 ஐத் தாண்டியபின் இரண்டாவது நிலைமாற்றி கண்காணிக்கப்பட்டு, அழுத்தம் போதாவிட்டால் ஒலியும் எழுப்பப்பட்டது. முள் காட்டும் அளவிகளுக்கு மாறுதடை உணரிகள் பயன்பட்டன. அவற்றுள் ஒரு வகையின் தடை 10 ஓம் முதல் 180 ஓம் வரை மாறும். கனரக வாகனங்களில் அளவியும் விளக்கும் சேர்ந்தே இருப்பது வழக்கம். தற்காலப் பொறிகள் சிலவற்றில் அழுத்தமின்தடை உணரி உள்ளது. இதன் சிலிக்கன் சில்லில் உள்ள தடைகள் அழுத்தத்தால் வளைந்து மதிப்பு மாறுகின்றன. 5 வோல்ட் மின்வழங்கலில் 0.5 முதல் 4.5 வோல்ட் வரையிலான குறிகையாக இது வெளிவருகின்றது. கம்பி அறுந்தால் 0 வோல்ட், குறுக்கிணைந்தால் 5 வோல்ட் என இரண்டுமே இவ்வெல்லைக்கு வெளியே அமைவதால், உணரியின் கோளாறையும் உண்மையான அழுத்தக் குறைவையும் கணினி பிரித்தறிய முடிகின்றது. ஒற்றைக் கம்பி நிலைமாற்றியால் இது இயலாது.

விளக்கு எரிந்தால்

ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் வாகனத்தைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திப் பொறியை உடனே அணைக்க வேண்டும். அடுத்த பட்டறை ஒரு கிலோமீட்டரில் உள்ளது என்பதற்காக ஓட்டிச் செல்லலாகாது. மஞ்சள் நிறப் பொறி விளக்கு எரிந்தால் பெரும்பாலும் மெதுவாக ஓட்டிச் செல்ல இடமுண்டு. இச்சிவப்பு விளக்கிற்கு அது பொருந்தாது. சில நிமிடங்கள் கழித்து அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டுத் தொட்டி உடைந்திருந்தால் அடியில் எண்ணெய் வழிந்திருக்கும். எண்ணெய் குறைந்திருந்தால், வளைவிலும் தடையிடும்போதும் எக்கியின் உறிஞ்சுவாய் காற்றை இழுப்பதால் விளக்கு கண நேரம் மினுக்கும். எண்ணெய் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், நிலைமாற்றியைக் கழற்றி அவ்விடத்தில் ஒரு கையளவியைப் பொருத்தி அழுத்தத்தை அளப்பதே தெளிவான சோதனை. இதனைச் செய்யாமல் நிலைமாற்றியை மட்டும் மாற்றிப் பார்ப்பது பரவலான வழக்கம். சில நேரங்களில் அதுவே காரணமாகவும் இருக்கும், ஆனால் முடிவு தவறானால் இழப்பு ஒரு முழுப் பொறி.

விளக்கு எரியவில்லை என்பதால் எண்ணெய் நலமாக உள்ளது என்றும் ஆகாது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது இவ்வட்டாரத்தின் ஆலைகள் பலவும் உற்பத்தியை நிறுத்தின. சென்னையிலும் புறநகரிலும் பெருமளவு மகிழுந்துகள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய பொறியின் எண்ணெயில் நீர் கலந்து அது பால் விட்ட காப்பி போன்ற நிறத்தை அடையும். அக்கலவையையும் எக்கி தள்ளும், இடைத்திரையையும் அது அழுத்தும், விளக்கும் அணையும். ஆனால் நீர் கலந்த எண்ணெயின் படலம் தாங்கிகளைக் காப்பதில்லை. ஆகவே மூழ்கிய வாகனத்தில் சாவியைத் திருப்பி விளக்கைப் பார்ப்பது சோதனை ஆகாது. அளவுக்கோலை உருவி எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதே சோதனை.

மின்தானுந்துகளில்

2019 இல் கோனா, 2025 இல் கிரெட்டா என ஹூண்டாயின் மின்தானுந்துகளும் திருப்பெரும்புதூர் ஆலையிலிருந்து வெளிவந்துள்ளன. மின்னோடியின் தண்டு உருளைத் தாங்கிகளில் சுழல்வதால் உள்ளெரி பொறிக்குரிய எண்ணெய்ச் சுற்று அவற்றில் இல்லை. கருவிப்பலகையில் எண்ணெய்க் குப்பிக் குறியீடும் இல்லை.