கழிக்கும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டு மூலையில் பேரக்குழந்தைகளின் பள்ளி நோட்டுகள் குவிகின்றன. இடமில்லை என்று இளையோர் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்ப முனைகின்றனர். காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியோருக்கோ மனம் ஒப்புவதில்லை. கலைமகளை எடைக்குப் போடுவதா என்று அவர்கள் தடுக்க, மூட்டை அப்படியே பரணில் ஏறுகிறது. இவ்விரு வழிகளிலும் இழப்பு உண்டு என்பதைத் தமிழ் ஏடுகளின் வரலாறே உணர்த்துகிறது.

தில்லைத் திருக்கோயிலில் மூவர் பாடிய தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, இராசராச சோழன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அவ்வறையைத் திறப்பித்தான் என்பது மரபு. உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது கிடைத்தது ஒரு பகுதியே.

மற்றொரு நிகழ்வை உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்துள்ளார். கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் பழஞ்சுவடிகள் உள்ளன எனக் கேள்வியுற்று அவர் தேடிச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடுவதே சாத்திர முறை என்று கருதி, அவ்வாறே செய்துவிட்டதாக அங்கே விடை கிடைத்தது.

முன்னது பத்திரமாகப் பூட்டப்பட்டது. பின்னது பக்தியோடு எரிக்கப்பட்டது. இரண்டிடத்தும் ஏட்டைப் பிரித்துப் பார்ப்பார் இல்லை. சுவடி நைந்தால் புதிய ஓலையில் படியெடுத்த பின்னரே பழையதை நீருக்கோ நெருப்புக்கோ அளிப்பது முன்னோர் முறை. படியெடுக்கும் வழக்கம் தளர்ந்து, கழிக்கும் சடங்கு மட்டும் எஞ்சியபோது நூல்கள் மறைந்தன.

ஆகவே, நோட்டுகளைப் பரணில் ஏற்றும் முன்னும் கடைக்கு அனுப்பும் முன்னும், தாத்தா பாட்டியர் குழந்தையை அருகில் அமர்த்தி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதிய கேள்வி பதில்கள் பயன் முடிந்தவை. அவற்றைத் தயக்கமின்றி விடலாம். தானே எழுதிய கட்டுரை, வரைந்த கோலம், முதன்முதலாக எழுதிய 'அ' ஆகியவை மீண்டும் கிடைக்காதவை. எதை வைப்பது என்பதைக் குழந்தையே சொல்லட்டும். ஆண்டுக்கு ஓர் உறை நிறையும் அளவு போதும். அதன் மேல் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதி வைத்தல் நன்று.

எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நோட்டு ஆகும். பாடநூல்களைக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளிப்பது வித்யாதானம். தெய்வ உருவமும் நாமமும் உள்ள தாள்கள் பொட்டலம் மடிக்கப் போய்விடாமல் முன்னரே தனியே எடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளும் உறைகளைச் சுவரை ஒட்டாமல், தரையில் படாமல், தகரப் பெட்டியில் வைத்து, சுவடிகளுக்கு முன்னோர் இட்டதுபோல் வசம்புத் துண்டுகளை இடுவது பூச்சியை விலக்கும்.

சரசுவதி பூசை வரும்போது அவ்வுறையையும் புத்தகங்களோடு அடுக்கிச் சந்தனம், குங்குமம் இடலாம். மறுநாள் விசயதசமியன்று அதைப் பிரித்துச் சென்ற ஆண்டுக் கட்டுரையைக் குழந்தையின் குரலிலேயே படிக்கக் கேட்பது, ஏட்டுக்கும் எழுதிய கைக்கும் செய்யும் சிறந்த வழிபாடாகும்.