உலகத்துக்கு அளவுகோல் தந்த சென்னை பேராசிரியர்

ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு டாங்கிக்கு எத்தனையோ பாகங்கள். ஒவ்வொன்றும் அளவு சரியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

நம் உடம்பும் ஒரு தொழிற்சாலைதான். அதில் வேலை செய்யும் பாகங்களுக்கு "புரதம்" என்று பெயர். தசை, தோல், ரத்தம் எல்லாவற்றிலும் புரதம் உண்டு. அதன் வடிவத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள். அது சரிதானா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டாமா?

அந்த அளவுகோல் பிறந்த இடம் சென்னை. அதைத் தந்தவர் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன்.

கங்காரு வால்

ராமச்சந்திரன் 1922-ம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது "கொலாஜன்" என்ற புரதம். அதன் வடிவம் என்ன? அது அன்று பெரிய புதிர். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரே கதிரால் ஆராய்ந்தார்கள். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-ல் அறிவித்தார்கள். அந்த இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு இருப்பதாக மறு ஆண்டு சொன்னார்கள்.

வெளிநாட்டு விஞ்ஞானிகள் கிரிக், ரிச் இருவரும் ஒரு குறை சொன்னார்கள். "இந்த வடிவத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன" என்பது அவர்கள் வாதம்.

ராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை. "இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?" என்ற கேள்வியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

முழங்கை போல...

உங்கள் கையை மடக்கிப் பாருங்கள். முழங்கை முன்பக்கம் மடங்கும். பின்பக்கம் மடங்குமா? மடங்காது. எலும்பு தடுக்கும். புரத இழையும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ஆனால் இஷ்டப்படி திரும்ப முடியாது. அணுவோடு அணு மோதும்.

எந்தக் கோணத்தில் மோதும்? எந்தக் கோணத்தில் மோதாது? ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்குப் போட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டர் வசதி அன்று இல்லை. விடையை ஒரு சதுரப் படமாக வரைந்தார்கள். அதில் புரதத்துக்கு இடம் கொடுக்கும் பகுதி கொஞ்சம்தான். மற்றதெல்லாம் "தடை"! 1963-ல் இது வெளிவந்தது. அதுதான் "ராமச்சந்திரன் படம்".

இன்றும் அதே படம்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை எப்படி அளப்பது? அவர் கட்டுரையை எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள் என்று எண்ணுவது வழக்கம். ராமச்சந்திரன் அந்தக் கணக்கையும் தாண்டிவிட்டார். அவருடைய படம் பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பலர் கட்டுரையைக் குறிப்பிடாமலே அவர் பெயரைச் சொல்கிறார்கள்!

புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் உலகப் பொதுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் 2 லட்சத்துக்கும் அதிகமான வடிவங்கள் உள்ளன. புதிய வடிவம் வந்தால், அதைச் சோதிக்கும் முறைகளில் ராமச்சந்திரன் படமும் ஒன்று. புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரால் கணித்தவர்களுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிக் கணித்த வடிவங்களையும் இதே படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

புதிய மருந்து தேடுகிறவர்கள் பலர் புரதத்தின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். அந்த வடிவம் தப்பாக இருந்தால் உழைப்பு வீணாகும். தப்பு இருக்கும் இடத்தை, சென்னையில் போட்ட அந்தச் சதுரப் படம் இன்றும் காட்டிக் கொடுக்கிறது.