ஒற்றையும் இரட்டையும்



புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கும் விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். அதில் வெல்வதும் தோற்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. அதே கேள்வியைக் கணக்கில் கேட்டாலோ, ஊகத்திற்கு இடமில்லாத உறுதியான விடை கிடைக்கும். அஃது எவ்வாறு என்பதையே இன்று நான் கூற விரும்புகிறேன்.

கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்குங்கள். மிச்சமின்றி முடிந்தால் அவ்வெண் இரட்டைப்படை. ஒன்று துணையின்றி நின்றால் ஒற்றைப்படை. இந்த ஒரு கருத்தே நமக்குப் போதும். ஒற்றைப்படை எண்கள் இரண்டைக் கூட்டினால், துணையின்றி நின்ற இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஆகவே கூட்டுத்தொகை இரட்டைப்படை. மூன்றாவதாக மேலும் ஓர் ஒற்றைப்படை எண் வந்து சேர்ந்தால், மீண்டும் ஒன்று தனித்து நிற்கும். சில எண்களைக் கூட்டிப் பார்த்து நாம் இம்முடிவுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்துணைப் பெரிய எண்ணாயினும் இக்காரணம் பொருந்தும்.

இப்போது ஒரு கணக்கு. 100 ரூபாயை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் முழு ரூபாயாகவும் ஒற்றைப்படையாகவும் இருத்தல் வேண்டும். பல மாணவர்கள் உடனே எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பார்கள். நாள் முழுதும் முயன்றாலும் விடை வராது. ஐந்து ஒற்றைப்படை எண்களில் ஐந்து தனி ஒன்றுகள் உள்ளன. அவற்றுள் நான்கு இணைந்துவிட, ஒன்று எஞ்சும். எனவே கூட்டுத்தொகை ஒற்றைப்படையே ஆகும். 100 என்பதோ இரட்டைப்படை. "எனக்கு விடை கிடைக்கவில்லை" என்பது வேறு. "விடையே இருக்க முடியாது" என்பது வேறு. முன்னது நம் முயற்சியைப் பற்றிய செய்தி. பின்னது எண்களைப் பற்றிய உண்மை.

இவ்வேறுபாட்டுக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இன்று ருஷ்யாவில் கலினின்கிராட் என வழங்கும் நகரம், முன்னர் பிரஷ்யாவில் கோனிக்ஸ்பர்க் எனப் பெயர் பெற்றிருந்தது. பிரேகல் ஆறு அதனை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. ஏழு பாலங்கள் அவற்றை இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து ஏழையும் சுற்றிவர இயலுமா? 1735ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தில் இதற்கு விடை கூறினார். இடைவழியில் உள்ள ஒரு பகுதிக்கு ஒரு பாலத்தின் வழியே வந்தவர், வேறொரு பாலத்தின் வழியே வெளியேற வேண்டும். ஆதலால் புறப்படும் இடமும் முடியும் இடமும் நீங்கலாக, மற்றப் பகுதிகளில் பாலங்கள் இரட்டைப்படையாகவே இருத்தல் வேண்டும். கோனிக்ஸ்பர்க்கிலோ ஒரு பகுதியில் 5 பாலங்கள். ஏனைய மூன்றிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை! எனவே அத்தகைய உலா இயலாது. ஒவ்வொரு வழியாக நடந்து பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1742இல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு கேள்வி பிறந்தது. 2க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை ஆகுமா? 10 என்பது 3உம் 7உம். 28 என்பது 11உம் 17உம். கணிப்பொறிகள் கோடானுகோடி எண்களைச் சோதித்துவிட்டன, ஒன்றேனும் தவறவில்லை. ஆயினும் எல்லா எண்களுக்கும் பொருந்தும் காரணத்தை இன்றுவரை எவரும் காட்டவில்லை. ஆகவே கணித உலகம் அதனை இன்னும் கருதுகோள் என்றே கூறுகிறது.

நீங்களே ஆராய்வதற்கு ஒரு கணக்கைத் தந்து முடிக்கிறேன். 1 முதல் 10 வரையுள்ள எண்களை வரிசையாக எழுதுங்கள். அவற்றின் இடையே கூட்டல் குறியோ கழித்தல் குறியோ விரும்பியவாறு இட்டு, விடை 0 வரும்படி செய்ய இயலுமா? இயலும் என்றால் செய்து காட்டுங்கள். இயலாது என்றால் காரணத்தைக் கூறுங்கள். பத்து முறை முயன்று பார்த்தேன் என்பது காரணம் ஆகாது.