பால்குடி மறத்தலும் மாற்றுப்பாலும்

குழவி தாய்ப்பாலினின்றும் நீங்கிப் பிற உணவு கொள்ளத் தொடங்குதலைப் 'பால்குடி மறத்தல்' என்று வழங்குகிறோம். இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் பழக்குதல் என்பதாகும். தமிழ் வழக்கோ மறத்தலைச் சுட்டுகின்றது. மறத்தல் ஒருநாளில் முடிவதன்று; சிறிது சிறிதாக நிகழ்வது. அக்காலத்தே தாய்ப்பாலோடு சேர்த்தோ அதற்கு ஈடாகவோ ஊட்டப்பெறும் பிற பாலை ஈண்டு 'மாற்றுப்பால்' எனக் குறிப்போம்.

மாற்றுப்பால் பற்றி ஆராயத்தக்க இடங்கள் சில நம் இலக்கியங்களில் உள்ளன. அவற்றை ஒருங்கு தொகுத்து, 'குழவிகட்கு ஆன்பாலும் தேனும் ஊட்டுதல் பண்டைத் தமிழர் வழக்கு' எனப் பொதுப்பட முடிவு கூறுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. குழவியின் பருவம், தாயின் நிலை ஆகிய இரண்டனையும் நோக்கியே அவ்விடங்கட்குப் பொருள் கோடல் வேண்டும் என்பது எம் கருத்து.

முதற்கண் மணிமேகலையை நோக்குவோம். குமரியாடப் புறப்பட்ட சாலி என்பாள் வழியில் ஈன்ற மகவைக் கைவிட்டுச் செல்கின்றாள். அதன் அழுகுரல் கேட்ட ஆ ஒன்று, நாவால் நக்கி ஏழு நாள்வரை பாலூட்டிக் காக்கின்றது. அம்மகவே ஆபுத்திரன். இஃது ஈன்றவள் இல்லாத இடத்து உயிர்காத்த பால். இதனைப் பால்குடி மறத்தல் என்றல் அமையாது. மறத்தற்கு முன்னர்க் குடித்திருத்தல் வேண்டுமன்றோ?

இரண்டாவது, சிலப்பதிகாரத்துக் கனாத்திறமுரைத்த காதையில் வரும் மாலதியின் வரலாறு. மாற்றாளின் மகவுக்கு அவள் பால் அளிக்கின்றாள்; பால் விக்கிக் குழவி இறந்துபடுகின்றது. தன் சொல்லைக் கணவனும் மாற்றாளும் நம்பாது பழி சுமத்துவர் என அஞ்சிய மாலதி, கோயில்தோறும் சென்று முறையிடுகின்றாள். இறுதியில் பாசண்டச் சாத்தன் அக்குழவியுருக் கொண்டு வருகின்றான். அளித்தது எப்பால் என்பதை அடிகள் விளக்கிற்றிலர். பயில்வோர் பலர் தெய்வச் செயலை மட்டுமே கருதிச் செல்வர். ஆயின், ஈன்றவள் அல்லாதவள் கையால் ஊட்டும் பால் பற்றிய அச்சமும், விபத்து நேர்ந்தவிடத்து ஊட்டியவள்மேல் ஏறும் பழியும் அக்கதையின் அடியில் கிடத்தல் காண்க.

மூன்றாவது, போதனார் பாடிய நற்றிணை 110-ஆம் பாட்டு. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திய செவிலியர், கோலோச்சி உண்ணுமாறு வேண்டுகின்றனர். சிறுமியோ சிலம்பொலிக்க ஓடி மறுக்கின்றாள். அவளே பின்னர்க் கணவன் இல்லத்து வறுமையில் வேளை தவறி உண்டு வாழ்கின்றாள் என்பது பாட்டின் பொருள். ஓடி விளையாடும் சிறுமி கைக்குழவி அல்லள் என்பதை ஈண்டு மறத்தலாகாது. தேனில் இருத்தற்குரிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள், ஓராண்டு நிரம்பாத குழவியின் குடலில் வளர்ந்து நஞ்சு விளைக்கும் என்பது இன்றைய மருத்துவம் கண்ட உண்மை. ஆதலின் இப்பாட்டைக் காட்டிக் கைக்குழவிக்குத் தேனூட்டுதலைப் பழமரபெனப் புகழ்வது பாட்டுக்கும் பொருந்தாது, குழவிக்கும் தீங்காம்.

பெரியபுராணத்துத் திருஞானசம்பந்தர் வரலாற்றிலும் பொற்கிண்ணம் வருகின்றது. ஆண்டு மூன்றான பிள்ளைக்கு உமையம்மை தன் பாலையே கிண்ணத்தில் பொழிந்து ஊட்டுகின்றாள். ஈண்டுப் பால் மாறிற்றிலது; கலமே மாறிற்று. பாலைக் கறந்து பாலாடையால் புகட்டும் இன்றைய மருத்துவமனை வழக்கம் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. சங்கும் பாலாடையும் நம் இல்லங்களில் நெடுங்காலம் பயின்ற கருவிகளே.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், அதன்பின் பிற உணவோடு ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்தல் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறும். ஆன்பாலில் புரதம் தாய்ப்பாலினும் ஏறத்தாழ மும்மடங்கு. இரும்புச்சத்தோ மிகக் குறைவு. எனவே ஓராண்டுக்குமுன் அதனைத் தலைமையுணவாக்குதல் ஆகாது என்பர் குழந்தை மருத்துவர் பலர். எனினும், பிற பால் கொள்ளும் குழவிக்கு ஆறு மாதத்தின்பின் பால்மாவோ விலங்குப்பாலோ வழங்கலாம் என அந்நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு நெறிமுறை இசைகின்றது. இவற்றுள்ளும் பருவமே அளவுகோலாதல் காண்க.

இறுதியாக, மாற்றுப்பாலே தோன்றாத ஓரிடத்தையும் இவற்றோடு வைத்து எண்ணுதல் வேண்டும். புறநானூறு 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் இல்லத்து வறுமையைக் குமணனிடம் உரைக்கின்றார். பசியால் வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழுகின்றது குழவி; அதன் முகத்தைத் தாய் நோக்க, அவளைப் புலவர் நோக்குகின்றார். அங்கு ஆவும் இல்லை, செவிலியும் இல்லை, பொற்கலமும் இல்லை. நற்றிணைச் சிறுமி வேண்டாவென்று ஓடிய பாலுக்கும், இக்குழவி வேண்டியும் பெறாத பாலுக்கும் இடையே உள்ளது மரபின் வேறுபாடன்று, செல்வத்தின் வேறுபாடே. 'பண்டைத் தமிழர் வழக்கு' என எழுதப் புகுவோர், எவ்வில்லத்து வழக்கு, எப்பருவத்து வழக்கு என்னும் இரு வினாக்களை முன்னர் எழுப்பிப் பின்னர் முடிவு கூறுவாராக.