கோடையில் விழும் ஆலி

பனி பொழியும் நாளைப் பற்றி ஆங்கிலக் கதைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். பள்ளிக்கு விடுமுறை விடப்படும். சாலை வெண்மையில் மறைந்துபோகும். வீட்டார் அனைவரும் சன்னலருகே கூடுவர்; பிள்ளைகள் வெளியே ஓடிப் பனியை உருட்டி விளையாடுவர். கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனியைக் காண்கின்றனர். பெங்களூருவின் ஸ்ரீராம்புரத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய நாள் உண்டா? அரிதாக உண்டு. ஆனால் அது மார்கழியில் வருவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் வருகிறது. அன்று வானிலிருந்து விழுவது பனித்துகள் அன்று, ஆலங்கட்டி.

ஆலைகளில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி ஸ்ரீராம்புரம். நெருக்கமான தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பல வீடுகளுக்கு மாடியில் தகரக் கொட்டகை. ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நண்பகல் முழுவதும் வெயில் வாட்டியிருக்கும். நான்கு மணியளவில் வானம் இருளும். காற்று புழுதியை வாரி இறைக்கும். முதலில் பெருந்துளிகள் விழும். பிறகு, யாரோ கூடை கூடையாகச் சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல் தகரம் அதிரும். மின்சாரம் நின்றுவிடும், தொலைக்காட்சி அணைந்துவிடும். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா நனைந்தபடி உள்ளே வருவார். மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அம்மா இறங்கி வருவார். அந்த வேளையில் வீட்டார் அனைவரும் ஒரே அறையில் இருப்பது எத்துணை அரிது! வாசலில் உருண்டு வந்த கட்டிகளைத் தம்பி எவர்சில்வர் தம்ளரில் பொறுக்குவான். வாயில் போட்டுப் பார்க்கவும் துணிவான். “தின்னாதே, தொண்டை கட்டிக்கொள்ளும்” என்று பாட்டி அதட்டுவார். சற்று நேரத்தில் அவரே ஒரு கட்டியை உள்ளங்கையில் வாங்கி, அது உருகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் கால்மணி நேரத்திற்குள் எல்லாம் ஓய்ந்துவிடும்.

கொளுத்தும் கோடையில் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? வெப்பமே அதற்குக் காரணம் என்பதுதான் வியப்பு. சூடேறிய தரை, தன்மேல் உள்ள ஈரக்காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலே விரைகிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். ஆகவே கோடையிலும் நம் தலைக்கு மேலே நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவுகிறது. அங்கே ஒரு விந்தை நிகழ்கிறது. சுழியப் பாகைக்குக் கீழே குளிர்ந்த பின்னும் மேகத்தின் நுண்துளிகள் பல உறையாமல் நீராகவே மிதக்கின்றன. சிறு பனித்துணுக்கு ஒன்று அவற்றின்மீது மோதினால் போதும்; அவை அதில் ஒட்டி உறைந்துவிடும். மேலெழும் காற்று அத்துணுக்கைக் கீழே விழவிடாமல் தாங்கி நிற்கிறது. துளிமேல் துளி ஒட்டிக் கட்டி பருக்கிறது. காற்றால் தாங்க இயலாத எடையை அடைந்ததும் அது தரையை நோக்கிப் பாய்கிறது. பெரிய கட்டி ஒன்றை வெட்டிப் பார்த்தால், வெங்காயத்தின் மடல்களைப்போல் வெண்மையும் தெளிவுமான அடுக்குகள் தெரியும். விட்டம் 5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் வானிலையாளர் அதனை ஆலங்கட்டி என்பர்.

மேலே பனி இருக்க, அது ஏன் பஞ்சுபோல் பெங்களூருவில் பொழிவதில்லை? பனித்துகள் மிக மெதுவாக இறங்கும். கீழ்க்காற்றும் குளிர்ந்திருந்தால்தான் அது உருகாமல் தரை சேரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பெங்களூரு அத்துணைக் குளிர்ந்த ஊர் அன்று. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, அது 1884 சனவரி 13 அன்று பதிவானது. ஆலங்கட்டியோ கனமும் விரைவும் உடையது. வெப்பக்காற்று அதனை உருக்கி முடிப்பதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிறது. உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தோர், பனி பொழிந்துவிட்டதாகக் கூறுவதுண்டு. அது வானிலிருந்து விழுவதன்று. தரையருகே காற்றிலுள்ள ஈரம் புல்லின்மீது உறைந்து படிவது. அதனை உறைபனி என்பதே சரி.

வாசலில் நமக்கு விளையாட்டாக இருப்பது தோட்டத்தில் வேறாக இருக்கும். ஸ்ரீராம்புரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்கள் உள்ளன. அங்கே திராட்சைக் குலைகள் பந்தலில் தொங்கும் வேளையிலும், சீனிவாசபுரத்து மாந்தோப்புகளில் காய்கள் பருக்கும் வேளையிலும் ஆலங்கட்டி விழுந்தால் ஓராண்டு உழைப்பு கால்மணி நேரத்தில் சிதைந்துவிடும். விழாமல் தப்பிய காயிலும் அடிபட்ட இடம் கறுத்து அழுகும். சந்தையில் அதற்கு விலை இல்லை. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களில் மரங்களின்மேல் வலை கட்டி இதனைத் தடுக்கின்றனர். அதற்கான செலவு எல்லா உழவர்க்கும் கட்டுப்படியாவதில்லை. மனித உயிருக்கும் இதனால் கேடு உண்டு. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் மாண்டனர். ஆகவே கட்டிகளைப் பொறுக்கும் ஆசையை மழை ஓயும்வரை அடக்கி வையுங்கள். வெட்டவெளியில் அகப்பட்டுக்கொண்டால் உறுதியான கூரையின்கீழ் ஒதுங்குங்கள். இடி இடிக்கும்போது மரத்தடி வேண்டா.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பகுதியே மிகவும் பிடித்தது. ‘பனி’ என்னும் ஒரு சொல்லே தமிழில் பலவற்றைக் குறிக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. வழியை மறைப்பது மூடுபனி. இமயத்தில் பொழிவதும் பனி. பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். முன்பனி, பின்பனி எனக் குளிர்காலத்தையே இரண்டாகப் பகுத்த முன்னோர், வானிலிருந்து விழும் கட்டிக்குத் தனிச்சொல் வைத்திருந்தனர். அது ‘ஆலி’. சங்கச் செய்யுள்களில் இச்சொல் பயின்று வருகிறது. இன்றைய பேச்சுத் தமிழில் அது வழங்குவதில்லை. ஆலங்கட்டி என்றே சொல்கிறோம். ஆயினும் ‘ஆலி’ அழிந்துவிடவில்லை. கன்னடத்தில் ஆலங்கட்டிக்குப் பெயர் ‘ஆலிக்கல்லு’. மலையாளத்தில் ‘ஆலிப்பழம்’. கன்னடர் அதனைக் கல்லாகக் கண்டனர். மலையாளிகள் பழமாகக் கண்டனர். நாம் வழக்கில் விட்டுவிட்ட சொல்லை ஸ்ரீராம்புரத்தின் எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டி நாள்தோறும் பயன்படுத்தும் மொழி காத்து வைத்திருக்கிறது.

அடுத்த முறை ஆலங்கட்டி மழை பெய்யும்போது அவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தத்தம் ஊரில் அதற்கு என்ன பெயர் வழங்கினார்கள் என்பதையும் கேட்டு, இப்பக்கத்தின் ஓரத்தில் எழுதி வாருங்கள்.