நண்டுக்கு இஞ்சி, வயிற்றுக்கு வெந்நீர்

சீன ரயில்களில் கொதிநீர்க் குழாய் இல்லாத பயணத்தை யாரும் கற்பனைகூடச் செய்யமாட்டார்கள். கொளுத்தும் ஜூலையிலும் பயணிகள் குடுவையோடு அதன் முன் வந்து நிற்பார்கள். பெரும்பாலான உணவகங்களில் உட்கார்ந்ததும் மேசைக்கு வருவது ஐஸ் தண்ணீரல்ல, வெந்நீரோ சூடான தேநீரோதான். சளி, வயிற்றுவலி, மாதவிடாய் வலி எதுவானாலும் 'வெந்நீர் நிறையக் குடி' என்பதே வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை. காதலி என்ன துன்பம் சொன்னாலும் இதையே பதிலாகச் சொல்லும் காதலனைச் சீன இளைஞர்கள் இணையத்தில் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

அடுப்பும் பானையும்

சீன மரபு மருத்துவத்தின் கணக்கில் இரைப்பை என்பது உணவை வேகவைக்கும் பானை. வெந்ததிலிருந்து சத்தைப் பிரித்து உடலெங்கும் அனுப்புவது மண்ணீரலின் வேலை. ஜில்லென்ற உணவு அடிக்கடி உள்ளே போனால், பானைக்கு அடியில் எரியும் அடுப்பின் சூடு தணிந்துவிடும். விளைவாக வயிறு உப்பும், மலம் இளகும், கைகால் சில்லிடும், சாப்பிட்டதும் அசதி வரும் என்கிறார்கள்.

நவீன உடற்கூறியலில் மண்ணீரலுக்குச் செரிமானத்தில் பங்கில்லை. ரத்தத்தை வடிகட்டுவதும் நோய் எதிர்ப்புக்கு உதவுவதும்தான் அதன் பணி. எனவே சீன வைத்தியர் 'மண்ணீரல் பலவீனம்' என்றால், பதறிப்போய் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். பல செரிமானக் கோளாறுகளைச் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

செரிமானத்தை மையமாக வைக்கும் இந்தச் சிந்தனைக்கு அழுத்தம் கொடுத்தவர் லீ தோங்யுவான் என்ற சீன வைத்தியர். 1232-ல் மங்கோலியப் படை கைஃபெங் நகரை முற்றுகையிட்டது. முற்றுகை விலகிய பிறகும் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். வெளியிலிருந்து தாக்கிய குளிர்தான் காரணம் என்று மற்ற வைத்தியர்கள் மருந்து கொடுக்க, பட்டினியும் அலைச்சலும் அச்சமும் செரிமானத்தை உள்ளிருந்தே சிதைத்துவிட்டன என்றார் லீ. மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றி அவர் 1249-ல் எழுதிய நூல் இன்றும் சீன மருத்துவக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. குளிர்ந்த உணவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உணவின் குளிர்ச்சியோடு பசி, உழைப்பு, மனக்கலக்கம் எல்லாவற்றையும் அவர் சேர்த்தே பார்த்தார்.

ஜில்லென்பது வேறு, குளிர்ச்சி வேறு

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது மட்டும் குளிர்ந்த உணவல்ல. சீன மரபு மருத்துவத்தில் ஒவ்வொரு உணவுக்கும் குளிர், மிதக்குளிர், வெதுவெதுப்பு, சூடு என்று ஓர் இயல்பு உண்டு; இவற்றில் சேராத நடுநிலை உணவுகளும் உண்டு. தர்பூசணி, பாகற்காய், நண்டு ஆகியவை கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் குளிர்ச்சிதான். சித்த மருத்துவம் பழகிய நமக்கு இது புதிதல்ல. டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்று இரண்டையும் சேர்த்து உண்ணும் வழக்கத்தை சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் அறிவார்கள்.

குளிர்ச்சி என்பதற்காக எதையும் ஒதுக்கிவிடுவதில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி. இலையுதிர்காலத்தில் சூஜோ பக்கத்து யாங்செங் ஏரி நண்டுக்கு ஊரே அலைமோதும். ஆனால் இஞ்சி நறுக்கிப் போட்ட வினிகர் இல்லாமல் நண்டு மேசைக்கு வராது. கூடவே இளஞ்சூட்டில் ஷாவ்ஷிங் அரிசி மது. கோடையில் தர்பூசணியும் பச்சைப்பயறுக் கஞ்சியும் மருந்தாகவே கருதப்படுகின்றன. குவாங்தோங் மாநிலத்தில் மூலிகைக் 'குளிர்ச்சித் தேநீர்' விற்கும் கடைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. யார் சாப்பிடுகிறார், எந்தப் பருவத்தில், எதோடு சேர்த்து என்பதே கேள்வி. சமூக ஊடகங்களில் சுற்றும் 'குளிர்ந்த உணவு விஷம்' வகைக் குறிப்புகளில் இந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது.

வெந்நீர் பரவிய கதை

வெந்நீர்ப் பழக்கம் முழுவதும் பழைய ஏடுகளிலிருந்து வந்ததல்ல. 1934-ல் தேசியவாதத் தலைவர் சியாங் காய்ஷேக் தொடங்கிய புதுவாழ்வு இயக்கம் சுகாதாரத்தை வலியுறுத்தியது. 1952-ல் கம்யூனிஸ்ட் அரசு தேசபக்திச் சுகாதார இயக்கத்தைத் தொடங்கியது. தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் கொதிகலன்கள் வந்தன. நீரைக் கொதிக்கவைத்ததில் காலரா, சீதபேதிக் கிருமிகள் அழிந்தன. வெந்நீருக்குக் கிடைத்த நற்பெயரில் பெரும்பங்கு இதற்கே சேரும்.

ஆய்வு சொல்வது

1988-ல் பிரிட்டனின் 'கட்' மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 6 பேருக்கு 400 மில்லி ஆரஞ்சுச் சாறு வெவ்வேறு வெப்பநிலையில் தரப்பட்டது. 4 டிகிரி சாறு, உடல்சூட்டில் இருந்த சாற்றைவிட முதலில் மெதுவாகவே இரைப்பையைவிட்டு வெளியேறியது. ஆனால் 20 முதல் 30 நிமிடத்துக்குள் இரைப்பை தன் பழைய சூட்டுக்குத் திரும்பிவிட்டது. அடுப்பு அணைவதில்லை, கொஞ்ச நேரம் தணிகிறது, அவ்வளவுதான். எரிச்சல்குடல் நோய் உள்ள சிலருக்கு மட்டும் குளிர்ந்த நீர் வயிற்றுவலியைக் கூட்டலாம்.

ஐஸ்கிரீம் சாப்பிட்டதும் வயிறு கலக்கினால் குளிரை மட்டும் குறைசொல்ல முடியாது. கிழக்காசியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பால்சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. குளிர்பெட்டியில் பல நாள் கிடந்த உணவிலோ, 4 டிகிரியிலும் பெருகும் லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம்.

சூட்டிலும் எச்சரிக்கை

குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் தவறு. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. வயிற்றைச் 'சூடாக்க' விற்கப்படும் சீன மருந்துகளிலும் கவனம் வேண்டும். சிலவற்றில் வச்சநாபி இனத்துக் கிழங்கு சேர்க்கப்படுகிறது. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் அது இதயத் துடிப்பையே குலைக்கும். அதிமதுரம் அளவுக்கு மீறினால் ரத்த அழுத்தம் ஏறும்.

பசியில்லாமை, உப்புசம், மேல்வயிற்று வலி ஆகியவற்றுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருக்கலாம். மூச்சுப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், மாத்திரையில் பெரும்பாலும் தீரும். சாப்பாட்டோடு ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தாராளமாக இளஞ்சூட்டுக்கு மாறிக்கொள்ளலாம், இஞ்சித் தேநீரும் குடிக்கலாம். ஆனால் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ வெந்நீரை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.