லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது: சிகிச்சை பலிக்கிறதா என்று எப்படி அறிவது?

லத்தீன் மொழியில் 'லூபஸ்' என்றால் ஓநாய். முகத்தில் வரும் புண்ணைப் பார்த்து, ஓநாய் கடித்தாற்போல் இருக்கிறதென்று இடைக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் வைத்த பெயர். பெயர் தோலோடு நின்றது, நோய் நிற்கவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற வியாதி இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று எல்லாம் நடக்கிற வயதில். அவர்களில் பலருக்குச் சிறுநீரகத்திலும் கை வைத்துவிடுகிறது. அதற்குப் பெயர்தான் 'லூபஸ் நெஃப்ரைட்டிஸ்'.

நான் டாக்டர் இல்லை, பாத்திர வியாபாரி. என் தம்பி மகளுக்கு 2014இல் இது வந்தபோது, "கிட்னி நிக்குமா டாக்டர்?" என்று கேட்டோம். "ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார். ஏன் ஒரு வருஷம்? ஆறு மாசம் ஏன் இல்லை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடை சாத்திய பிறகு உட்கார்ந்து படித்தது, நல்ல டாக்டர்களைக் கேட்டுத் தெளிந்தது, இவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. லூபஸ் இந்த வடிகட்டிகளைப் புண்ணாக்கும். புண்ணான வடிகட்டி வழியாகப் புரதம் சிறுநீரில் ஒழுகும். காலில் வீக்கம், சிறுநீரில் நுரை, பிரஷர் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது பெரும்பாலும் கடைசியில்தான். "கிரியேட்டினின் நார்மல், அதனால கிட்னி நல்லாயிருக்கு" என்று லூபஸ்காரர் வீட்டில் சொன்னால் அது அரைக் கணக்கு. ஒரு நாளில் 0.5 கிராமுக்கு மேல் புரதம் போனாலே பயாப்ஸி பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பயாப்ஸி என்றதும் நம்மவர்கள் புற்றுநோய் என்று பதறுகிறார்கள். இது வேறு. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியால் சிறுநீரகத்தின் ஒரு நூலிழையை எடுப்பது. அதைப் பார்த்து 1 முதல் 6 வரை வகை சொல்வார்கள். வகை நாலு என்றால் புற்றுநோயில் நாலாம் நிலை மாதிரி என்று நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அப்படி இல்லை. நாலாம் வகை கடுமையானதுதான், ஆனால் மருந்துக்கு மசியும். மருந்தால் திரும்பாதது ஆறாம் வகை. அதில் வடிகட்டிகளில் 90 சதவீதத்துக்கு மேல் தழும்பாகி முடிந்துபோயிருக்கும்.

வகையை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே ரிப்போர்ட்டில் கீழே வரும் இரண்டு எண்கள். ஒன்று, இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியின் அளவு, 24க்கு இத்தனை. இன்னொன்று, ஏற்கெனவே விழுந்த தழும்பின் அளவு, 12க்கு இத்தனை. வியாபாரிக்குப் புரிகிறபடி சொன்னால், முதலாவது வசூல் பண்ணக்கூடிய பாக்கி, இரண்டாவது வராக்கடன். முதல் எண் பெரிதாயிருந்தாலும் நம்பிக்கை உண்டு. இரண்டாவது எண் பெரிதாயிருந்தால், எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் அந்த முதல் திரும்பாது. நோய் தெரிந்தும் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பாக்கி வராக்கடனாக மாறிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த ஒரு வருஷக் கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவில் 90 நோயாளிகளை வைத்து நடந்த 'யூரோ லூபஸ்' ஆய்வு 2002இல் வெளியானது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் வீதம் ஆறே தடவை, ஆக மொத்தம் 3 கிராம் கொடுத்தாலும், பழைய பெரிய டோஸ் அளவுக்கே பலன் இருப்பதைக் காட்டியது அதுதான். அந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் இன்னொரு விஷயம் 2015இல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கி 12ஆம் மாதத்தில் சிறுநீர்ப் புரதம் நாளுக்கு 0.8 கிராமுக்குக் கீழே வந்தவர்களின் சிறுநீரகம், 7 ஆண்டு கழித்தும் பெரும்பாலும் நன்றாக இருந்தது. சிறுநீரில் ரத்த அணு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு கூடவில்லை, கெட்டது! டாக்டர் சொன்ன ஒரு வருஷம் இதுதான்.

அதற்காக ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. மூன்றாம் மாதத்தில் புரதம் கால்வாசியாவது குறைய வேண்டும், ஆறாம் மாதத்தில் பாதியாக வேண்டும், பன்னிரண்டாம் மாதத்தில் 0.5 முதல் 0.7 கிராமுக்குள் வர வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2019இல் படிக்கட்டு வைத்தன. படி தவறினால் டாக்டர் மருந்தை மாற்றுவதா, கூட்டுவதா என்று யோசிப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இலக்கைத் தொட்டவர்களைப் பற்றி இந்தக் கணக்கு சொல்வதை நம்பலாம். தொடாதவர்களைப் பற்றி அவ்வளவு நம்பிச் சொல்ல முடியாது, அவர்களிலும் நிறையப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே புரதம் மிக அதிகமாகப் போனவர்களுக்கு இன்னும் ஆறு மாதம், ஒரு வருஷம் கூடப் பிடிக்கும்.

வெள்ளைக்காரர் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் 100 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சின்ன டோஸ் சைக்ளோஃபாஸ்ஃபமைடும், மற்றதுக்கு மைக்கோஃபினோலேட் மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். 24 வாரத்தில் இரண்டு பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த எண்ணும் பிடிக்க முடியாத ஒரு காரணம் உண்டு. வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது! ஸ்டீராய்டு முகத்தை ஊத வைக்கிறது, பெண் பார்க்க வருகிறார்கள், அதனால் ரெண்டு மாசம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள். நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் வடிகட்டிகளைத் தின்றுவிட்டுத்தான் அடங்குகிறது. சிகிச்சை மொத்தம் மூன்று வருஷமாவது போக வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அதற்குப் பிறகும் தொடரும், வருஷா வருஷம் கண் பரிசோதனையோடு. மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடும் வலிமாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

சிறுநீர் சுத்தமாக இருந்தாலும் உள்ளே நெருப்பு அணையாமல் இருப்பது உண்டு. அதனால் மருந்தை நிறுத்தும் முன் சில டாக்டர்கள் மறுபடி பயாப்ஸி கேட்பார்கள். சிறுநீரில் உள்ள சிடி163 போன்ற புரதங்களை அளந்தே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. நம் ஊர் லேபில் எழுதிக் கேட்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

ஊர் விட்டு ஊர் மாறும் நம்மைப் போன்றவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும், தேதிவாரியாகப் புரதம், கிரியேட்டினின், பிரஷர் எழுதிய ஒரு நோட்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும். புது ஊர் டாக்டர் மூன்றாம் மாதத்து எண்ணை வேறெங்கே போய்த் தேடுவார்?

கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் தடையில்லை. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மைக்கோஃபினோலேட் கருவைக் கெடுக்கும், அதனால் கரு தரிப்பதற்கு முன்பே டாக்டர் அதை நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாற்றுவார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் விடக்கூடாது. சிறுநீரக டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்வது நல்லது.